களிம்புக்கு அடங்காத முக அரிப்பு: பார்த்தீனியமும் காரணமாகலாம்

ஊரப்பாக்கம் பக்கம் காலி மனைகளிலும் சாலையோரத்திலும் மழை பெய்தால் மண்டிவிடும் களை பார்த்தீனியம். முகத்தில் மாதக்கணக்கில் தடிப்பும் அரிப்பும் இருந்து, களிம்பு பூசினால் அடங்கி, நிறுத்தினால் திரும்பினால், இந்தச் செடியையும் சந்தேகிக்க வேண்டும். இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களிலும் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

'நான் செடியைத் தொடுவதே இல்லையே' என்பார்கள். தொட வேண்டியதில்லை. காய்ந்த செடியின் தூளும் நுண்ணிய மயிர்களும் காற்றில் வந்து படிந்தாலே போதும். அவற்றிலுள்ள பார்த்தீனின் என்ற பொருள் ஒவ்வாமையைக் கிளப்பும். சிலருக்கு இதே குடும்பத்துச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து பூசினால் முகத்தோல் மெலியும். வந்திருப்பது படர்தாமரை என்றால் இன்னும் பரவும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் தோல் மருத்துவரிடம் காட்டுவதே சரி. முதுகில் ஒட்டு போட்டு, 2 நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கும் சோதனையில் எது ஒவ்வாது என்பது தெரியவரும்.

மருந்தோடு செடியும் ஒழிய வேண்டும். ஒரே செடி 10,000 விதைக்கு மேல் உதிர்க்கும் என்பதால், பூக்கும் முன்பே ஈர மண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலைக்குப் போகக் கூடாது. மற்றவர்களும் கையுறை, முழுக்கைச் சட்டையோடு செய்யலாம். பயிரில்லாத இடத்தில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். உப்பு மண்ணில் தங்கும், வயலில் வேண்டாம்.

பக்கத்து மனைக்காரரையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அடுத்த மழைக்கே மீண்டும் முளைக்கும். வேலை முடிந்ததும் துணியைத் தனியே துவைத்து, முகம், கை கால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வீட்டுக்குள் நுழைய வேண்டும்.