விளக்கை அணைத்தால் காடு தெரியும்

கடந்த பள்ளி விடுமுறையில் மலாக்காவிலிருந்து கேம்பர் வேன் ஒன்றில் பேராக்கின் வடக்கே உள்ள தெமெங்கோர் ஏரிக்குக் குடும்பத்தோடு சென்றேன். படுக்கையும் அடுப்பும் வேனுக்குள்ளேயே இருந்ததால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முதல் இரவு ஏரிக்கரையில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, பாட்டும் போட்டுக்கொண்டு விலங்குகளுக்காகக் காத்திருந்தோம். ஒன்றுகூட வரவில்லை. வராததில் வியப்பென்ன?

மாணவர்களே, தெமெங்கோர் இயற்கை ஏரி அன்று. 1970-களில் மின்சாரம் எடுக்கப் பேராக் ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது பள்ளத்தாக்கு மூழ்கியது. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. வடக்கே ரோயல் பெலும் மாநிலப் பூங்கா சுமார் 117,500 ஹெக்டர் பரப்பில் விரிந்துள்ளது. யானை, புலி, தாப்பிர் ஆகியவை வாழும் காடு அது.

மறுநாள் இரவு விளக்குகளை அணைத்தோம். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்பு செலோபன் தாளைச் சுற்றினோம். நம் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டே வகை. சிவப்பு ஒளி அவற்றுக்கு மங்கலாகவே தெரியும். நம் கண்ணும் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பேசாமல் இருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து, காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு நீர் குடிக்க வந்தது.

விடிந்ததும் தலைக்கு மேலே நீராவி ரயில் போவது போன்ற ஓசை. இரண்டு இருவாச்சிகள்! மற்றப் பறவைகளுக்குச் சிறகின் அடிப்பக்கத்தில் சிறு இறகுகள் மூடியிருக்கும். இருவாச்சிக்கு அந்த மூடல் குறைவு. பெரிய இறகுகளின் இடைவெளியில் காற்று பாய்வதால்தான் அந்த ஓசை. மலேசியாவின் 10 வகை இருவாச்சிகளும் இந்தக் காட்டில் உண்டு.

ஆனால், இதே காட்டைக் கெரிக்–ஜெலி நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்கிறது. 2025 மே 11 அன்று விடியுமுன், அங்கே ஒரு யானைக்கன்று லோரியில் மோதுண்டு இறந்தது. அன்று அன்னையர் தினம். தாய் யானை லோரியில் தலையை முட்டியபடி அங்கேயே நின்றது. யானைகள் ஏன் சாலைக்கு வருகின்றன? மரம் வெட்டிய சாலையோரத்தில் வெயில் படுவதால் புல்லும் இளஞ்செடிகளும் செழிக்கின்றன. அவை யானைக்கு விருப்பமான உணவு. வாகனங்கள் குறைந்த இரவில்தான் யானைகள் பெரும்பாலும் சாலையைக் கடக்கின்றன என்று, கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய ஆய்வு காட்டியது. கெரிக் அருகே சாலையைப் பாலமாக உயர்த்தி அடியில் விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். நீண்ட சாலைக்கு அந்த ஒரு வழி போதாது.

அதனால் திரும்பும் நாளில் பொழுது விடிந்த பிறகே வண்டியை எடுத்தோம். உணவுக் குப்பையை மூட்டைகட்டி உடன் கொண்டுவந்தோம். நீங்களும் அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: தெமெங்கோர் வரை போக வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்து வீட்டு வாசலிலேயே, பெரியவர் ஒருவர் துணையோடு, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சுடன் அரை மணி நேரம் அமைதியாக உட்காருங்கள். எலி பிடிக்கும் கூகையோ முசாங்கோ வரலாம். வந்த நேரம், திசை, செய்த செயல் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டினால், எது எப்போது வரும் என்று உங்களுக்கே புரியத் தொடங்கும்.