கரன்ட் பில்லுக்குப் பயந்து உடம்பை வேக வைக்காதீர்கள்!

கரன்ட் பில்லுக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. சித்திரை பிறந்துவிட்டால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கங்களிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் இரண்டு ரகத்தினரைத் தவறாமல் பார்க்கிறேன்.

முதல் ரகம், ஏ.ஸி.யை 18-ல் வைத்து, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள். "காலையில எழுந்தா கழுத்தைத் திருப்ப முடியலை டாக்டர், மூக்கடைப்பு வேற" என்பார்கள். இரண்டாவது ரகம், வீட்டில் ஏ.ஸி. இருந்தும் போடாதவர்கள். பெரும்பாலும் அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டிய பெரியவர்கள். "போன தடவை பில் நாலாயிரத்துச் சொச்சம் வந்துடுத்து. பையன்தான் கட்டறான், அவனை ஏன் சிரமப்படுத்தணும்? ரெண்டு ராத்திரி புழுக்கத்துல கிடந்தா உயிரா போயிடும்?" என்று கேட்பார்கள்.

போகலாம் என்பதுதான் பதில். அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலில் பில்லைப் பார்ப்போம். பிறகு உடம்பைப் பார்ப்போம்.

பில் எங்கே எகிறுகிறது?

நம் ஊரில் வீட்டு மின்சாரத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கணக்கு. 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது 500 என்ற எண்ணின் மகிமை!

2024 ஜூலையில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. 201 முதல் 400 வரை ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30. ஆக, சரியாக 500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,805.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால்? அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் பணம் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த ரூ.2.35 சலுகையே கிடையாது. 101-லிருந்தே ரூ.4.70 போட்டுவிடுவார்கள். பில் ரூ.2,048.40. ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! அதற்கு மேல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45 என்று படி ஏறிக்கொண்டே போகும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால், கணக்கின் சூட்சுமம் இதுதான்.

இப்போது ஒரே அடுக்குமாடியில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஏ.ஸி. இல்லாமல் இரண்டு வீட்டிலும் 380 யூனிட் ஓடுகிறது. மூன்று பழைய ஃபேன்கள் தினம் 12 மணி நேரம் சுற்றினால் அதுவே 162 யூனிட். ஃபிரிட்ஜுக்கு 60. மிச்சம் விளக்கு, டி.வி., மிக்ஸி, வாஷிங் மெஷின். இதுவரை பில் ரூ.1,081.

முதல் வீட்டில் ஏ.ஸி.யைக் கூடக் குளிரில் வைத்து ராத்திரி 8 மணி நேரம் ஓட்டுகிறார்கள். மணிக்கு 0.8 யூனிட் என்று கொண்டால் 60 நாளில் 384 யூனிட். மொத்தம் 764. பில் ரூ.4,429.80. ஏ.ஸி.க்கு மட்டும் ஒரு ராத்திரிக்கு 56 ரூபாய் செலவு.

இரண்டாவது வீட்டில் 26-ல் வைத்து, ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிட்டு, 6 மணி நேரத்தில் தானாக அணையும்படி டைமர் வைக்கிறார்கள். மணிக்கு 0.6 யூனிட் என்றால் 216 யூனிட். மொத்தம் 596. பில் ரூ.2,846.40. கூடவே, 75 வாட் இழுக்கும் அந்த மூன்று பழைய ஃபேன்களையும் மாற்றி, 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.ஸி. ஃபேன்கள் போட்டால் இன்னும் 97 யூனிட் குறையும். மொத்தம் 499. பில் ரூ.1,798.70!

இந்த வீட்டில் ஏ.ஸி. ஓடும் ஒரு ராத்திரியின் செலவு 20 ரூபாய்கூட இல்லை. மாட வீதியில் அந்தக் காசுக்கு ஒரு இளநீர் கிடைக்குமா? பெரியவர்கள் எதைச் சேமிக்கப் பார்த்து எதைப் பணயம் வைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

ஏ.ஸி. குளிர வைப்பது உங்களையா, சுவரையா?

கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடத்தை ஐஸ் ஹவுஸ் என்கிறோமே, ஏன் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளை வைப்பதற்காக 1842-ல் கட்டியது அது. ஏ.ஸி. வாங்கும்போது 'ஒரு டன்', 'ஒன்றரை டன்' என்கிறோமே, அதுவும் பனிக்கட்டிக் கணக்குதான். ஒன்றரை டன் ஏ.ஸி. முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால், ஏறக்குறைய 1,360 கிலோ பனிக்கட்டி உருகும்போது இழுக்கிற சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ளும்.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? படுத்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு வெளிவிடும் வெப்பம் பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்குத்தான். அந்த ஏ.ஸி.யோ முழு வேகத்தில் 5,000 வாட்டுக்கு மேல் வெப்பத்தை இழுக்கக்கூடியது. மீதியெல்லாம் பகல் முழுக்க வெயிலைக் குடித்த மொட்டை மாடியும், மேற்குச் சுவரும், ஜன்னல் கண்ணாடியும் கொடுப்பவை. ஆகவே சுவரும் மாடியும் சூடேறாமல் தடுத்தாலே பில் பாதி வசத்துக்கு வந்துவிடும்.

* மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ அடிக்கச் செய்யுங்கள். அசோசியேஷன் கூட்டத்தில் பங்குனியிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.
* மேற்கு, தெற்கு ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே போடும் திரை, சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தடுக்கும்.
* காலை ஒன்பது மணிக்கு மேல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கடற்காற்று எழுந்ததும் திறந்துவிடுங்கள். அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் அது முதலில் வரும். தி.நகருக்குச் சற்றுப் பின்னால் வந்து சேரும். கடற்காற்று வராமல் மேல்காற்று வீசும் நாள்தான் சென்னைக்குக் கண்டம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம்.

வியர்வை என்னும் இலவச ஏ.ஸி.

ஆண்டவன் கொடுத்த குளிர்சாதனம் நம் தோலிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவம்தான்.

ஆனால் வியர்வை வழிந்தால் போதாது, காய வேண்டும். சென்னையின் ஈரக் காற்றில் அது சீக்கிரம் காய்வதில்லை. அதைத்தான் புழுக்கம் என்கிறோம். ஃபேன் அறையைக் குளிரச் செய்வதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விலக்கி, வியர்வை காய வழி செய்கிறது. எனவே ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுவது தண்டம். ஆள் இருக்கும் இடத்தில் ஃபேனை அணைப்பது ஆபத்து. அறையின் சூடு 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் மட்டும் ஃபேனை நம்பாதீர்கள். அப்போது அது அனல் காற்றைத்தான் உடம்பின்மேல் வீசும்.

ஏர் கூலரும் இந்த ஆவியாதலை நம்பிய கருவிதான். வேலூரில் ஜிலுஜிலு என்று இருப்பது அடையாறில் பிசுபிசு என்று இருப்பதற்குக் காரணம் இதுவே. வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

யாருக்கு ஏ.ஸி. மருந்து மாதிரி?

வயதாக ஆக வியர்ப்பதும் குறையும், தாக உணர்ச்சியும் குறையும். "எனக்கு ஒண்ணும் பெரிசா சூடு தெரியலையே" என்று தாத்தா சொல்வது தைரியம் அல்ல. அவருடைய உடம்பின் எச்சரிக்கை மணி மெதுவாக அடிக்கிறது என்று அர்த்தம். இதய நோயாளிகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் மனநலத்துக்கான சில மாத்திரைகளும் சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இவர்களுக்குப் பகல் மட்டுமல்ல, ராத்திரியும் முக்கியம். பகலில் ஏறிய சூட்டை உடம்பு ராத்திரியில்தான் இறக்கி வைக்கிறது. மே மாதத்தில் சென்னையில் விடியற்காலையில்கூட 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் சகஜம். தூங்காத உடம்பில் மறுநாள் ரத்த அழுத்தம், படபடப்பு, அஜீரணம் எல்லாம் கைகோத்துக்கொண்டு வரும். வீட்டில் ஒரே ஒரு ஏ.ஸி. என்றால் அது பெரியவர்கள் படுக்கும் அறையில் இருக்கட்டும். எல்லோரும் அந்த ஒரே அறையில் படுத்தால் இன்னும் உத்தமம்.

அதற்காக 18-ல் வைக்க வேண்டாம். வெளியே 38, உள்ளே 18 என்று மாறி மாறிப் போனால் தசை இறுகும், மூக்கடைக்கும், மூட்டு வலிக்காரர்கள் பாடு திண்டாட்டம். 24 முதல் 26 வரை போதும், கூடவே ஃபேன். ஸ்டார் முத்திரை தருகிறதே மத்திய அரசு அமைப்பு, அதன் கணக்குப்படி ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். ஏ.ஸி.யின் ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கழற்றிக் கழுவுங்கள். காசும் மிச்சம், தும்மலும் குறையும்.

சமையலறையில் இருக்கும் குளிர்ச்சி

எங்கள் மருத்துவத்தில் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, அந்தந்தப் பொழுதுக்கு உணவும் ஒழுக்கமும் சொல்லியிருக்கிறார்கள். வேனிலுக்கு வேண்டியது எளிய உணவு, நிறைய நீர்.

* வெண்ணெய் எடுத்த நீர்மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு சேர்த்துத் தினம் இரண்டு வேளை. வியர்வையில் போன நீரும் உப்பும் திரும்பக் கிடைக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
* மண்பானைத் தண்ணீரில் ஒரு பிடி வெட்டிவேரைக் கழுவி, துணியில் முடிந்து போடுங்கள். ரெண்டு நாளைக்கு ஒருமுறை வேரை மாற்றுங்கள்.
* நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, பூசணிக் கூட்டு, பழைய சோறு. ஊறுகாயும் வறுவலும் ஆடி வரை ஓய்வெடுக்கட்டும்.
* பானகம் நல்லதுதான். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம்.
* படுக்கப் போகும்முன் ஒரு குளியல். ஈரத்துண்டால் கழுத்தையும் கையையும் துடைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். இதற்கு மீட்டரே கிடையாது!

இதற்கெல்லாம் கேட்காத சூடு

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெயிலிலோ, புழுங்கும் அறையிலோ இருந்தவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், தடுமாறினால், மயங்கினால், உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்ப மயக்கம். நன்னாரி சர்பத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், எனக்கும் போன் செய்யாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை நிழலில் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் புகட்டக் கூடாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இன்றைக்கே மீட்டரைப் பார்த்து எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வாரா வாரம் அதே கிழமையில் பாருங்கள். ரெண்டு மாசத்துக்கு 500-க்குள் நிற்க, வாரம் 58 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆளில்லாத ஹால் ஃபேனை, விளக்கை, தேவையில்லாத கீஸரை நிறுத்துங்கள். அப்பா, அம்மா படுத்திருக்கும் அறையின் ஏ.ஸி.யை மட்டும் நிறுத்தாதீர்கள். அவர்களே எழுந்து அணைக்க வந்தால், மேலே போட்ட 20 ரூபாய்க் கணக்கை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.