சூடும் சத்தமும்: வீட்டுக் கணினியைக் குளிர வைக்கும் முறை

நம் சங்க மலரில் கல்வெட்டு, ஏடு, நிகண்டு என்று எழுதிவந்தவன் இம்முறை கணினிக்குள் சுற்றும் விசிறியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். ‘நயினாருக்கு என்ன ஆச்சு?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

நாக்பூருக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. தொழில் பாத்திர வியாபாரம். பித்தளைக்குப் பேர்போன பண்டாரா பக்கத்திலேயே இருப்பதால் செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றோடும் பழகியவன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மற்றதெல்லாம் நானாகத் தேடிப் படித்ததுதான். ஆரணிப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில், பாட்டனார் கைப்பட எழுதிய ஸ்ரீபுராணப் படி ஒன்று கிடந்தது. தமிழும் கிரந்தமும் கலந்த மணிப்பிரவாள நடை. தாள் தொட்டால் பொடிகிறது. அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கணினியில் தட்டச்சு செய்துவருகிறேன்.

பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிடுவது எங்கள் வழக்கம். சீக்கிரம் படுத்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவேன். அதுதான் என் எழுத்து வேலைக்கு நேரம். 2022-இல் என் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. நல்ல தூக்கம் வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் கணினி மேசைக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

அடுத்த ஆண்டு மே மாதம், தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கணினி இரண்டு முறை தானாக அணைந்துபோயிற்று. கடைக்காரப் பையனிடம் கேட்டேன். “சூடு அங்கிள், ஃபேன் போட்டா சரியாயிடும்” என்று சிறிய விசிறிகள் இரண்டைத் தலையில் கட்டினான். கணினி அணைவது நின்றது. ஆனால் மாவு மில் மாதிரி சத்தம்! மூன்று நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள், “ஏங்க, தூக்கமே வரல. நீங்க எழுதுங்க, நான் கூடத்துல போய்ப் படுத்துக்கறேன்” என்றாள். அன்றே கணினியை மூடி வைத்தேன். இரண்டு மாதம் ஒரு வரி ஓடவில்லை. அந்த இரண்டு மாதத்தில் படித்தும் கழற்றிப் பார்த்தும் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. அதில் பெரும்பங்கு பிராசஸர் என்கிற சில்லில் உண்டாகிறது. வீட்டுக் கணினிகளில் 65 வாட் சில்லு சாதாரணம். ஒரு பழைய குண்டு பல்பின் வெப்பம், கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இடத்தில் எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு 100 பாகையை நெருங்கினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். இது பழுது அல்ல, தற்காப்பு.

சில்லின் மேல் செம்பாலோ அலுமினியத்தாலோ ஆன தகடுகளின் அடுக்கு இருக்கும். ஹீட் சிங்க் என்பார்கள். சூடான பாலை அகன்ற பாத்திரத்தில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுகிறதல்லவா? அதே கணக்குத்தான். வெப்பத்தைப் பரப்பிக் காற்றுக்குக் காட்டுவதே அதன் வேலை. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றே முக்கால் பங்கு கெட்டி. ஆனால் எடையும் விலையும் அதிகம். ஆகவே அடித்தட்டைச் செம்பிலும் தகடுகளை அலுமினியத்திலும் செய்வது வழக்கம்.

நல்ல ஹீட் சிங்கில் செம்புக் குழாய்கள் வளைந்து செல்வதைக் காணலாம். அவை வெறும் கம்பியல்ல. உள்ளே காற்றை நீக்கிவிட்டுச் சிறிது நீர் விட்டு மூடியிருப்பார்கள். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய் மீண்டும் நீராகித் திரும்பும். இட்லிப் பானை மூடியில் ஆவி நீராகிச் சொட்டுவது போல. கெட்டிச் செம்பைவிடப் பல மடங்கு விரைவாக இது வெப்பத்தைக் கொண்டுபோகும்.

சில்லுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வெப்பப் பசை தடவுவது ஏன்? பளபளவென்று இழைத்த உலோகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளங்களில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். பசை அந்த இடத்தை நிரப்புகிறது. ஒரு மிளகு அளவு போதும். வெண்ணெய் போல அப்பினால் பயன் இல்லை. ஆண்டுக்கணக்கில் கிடந்து பசை காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

வெளிநாட்டு எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

விசிறியாலோ ஹீட் சிங்காலோ எந்தப் பொருளையும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை பாகை ஏறுகிறது என்பதே கணக்கு. வாட் ஒன்றுக்கு அரைப் பாகை ஏற்றும் சாதாரண ஹீட் சிங்க் 65 வாட்டுக்குச் சுமார் 32 பாகை ஏற்றும். அதோடு பெட்டிக்குள் ஏறும் சூடு ஓர் 8 பாகை.

பத்திரிகைகளில் வரும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் 20, 25 பாகை அறையில் எடுத்தவை. நாக்பூரில் மே மாதம் வெளியே 45 பாகை. ஆகவே அவர்கள் 60 என்று சொன்னால், கோடையில் நமக்கு 80 என்று எழுதிக்கொள்ளுங்கள். விசிறியே இல்லாத கணினி முழு நிசப்தம்தான். ஆனால் நம் ஊர்க் கோடையில் அதற்குக் கைவசம் இருக்கும் இடைவெளி குறைவு.

என் வீட்டுக் குற்றவாளி

இந்தக் கணக்கு புரிந்த பிறகு, சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றை எடுத்துக் கணினி மேசையின் மரக்கூண்டுக்குள் வைத்தேன். அறையில் 36 பாகை. கூண்டுக்குள் 51! பின்பக்கம் பலகை, முன்பக்கம் கதவு. கணினி தான் கக்கிய சூட்டைத் தானே திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. 51-உடன் 8-ம் 32-ம் கூட்டினால் 91. வேலை சற்றுக் கூடினால் 100-ஐத் தொடாமல் என்ன செய்யும்?

பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஒரு பைசா செலவில்லை. கணினி உறிஞ்சும் காற்று 37 பாகைக்கு இறங்கியது. ஆக, புதிய விசிறி வாங்குவதற்கு முன் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

சத்தத்தின் கணக்கு

சூடு குறைய வேண்டுமானால் சத்தம் கூடித்தான் ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. சத்தம் வருவது குளிர்ச்சியால் அல்ல, வேகத்தால்.

விசிறியின் சுற்று வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். ஒரே மாதிரி விசிறிகள் இரண்டை ஓடவிட்டால் கூடுவது 3 டெசிபல்தான். ஆக, ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால், காற்று கிட்டத்தட்ட அதே அளவு. சத்தம் 12 டெசிபல் குறைவு.

அளவைப் பெரிதாக்கினால் இன்னும் லாபம். ஒரே வடிவ விசிறிகளில், ஒரே வேகத்தில், காற்றின் அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 80 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்றில் தரும் காற்றை, 120 மில்லிமீட்டர் விசிறி சுமார் 900 சுற்றிலேயே தந்துவிடும். என்னிடம் விற்றவை 80 மில்லிமீட்டர். மாவு மில் ஏன் ஓடியது என்பது இப்போது விளங்கும்.

உண்மையில் எவ்வளவு காற்று வேண்டும்? 100 வாட் வெப்பத்தை, காற்றின் சூடு 10 பாகைக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற நொடிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் காற்று போதும். கடைக்காரர் மொழியில் நிமிடத்துக்கு 19 கன அடி. வழி தடையில்லாமல் இருந்தால் மெதுவாக ஓடும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியே இதைச் செய்யும்.

படுக்கையறையில் இடைவிடாத சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியது. நாம் எட்ட வேண்டிய அளவு அதுவே.

மனைவி கண்டுபிடித்த உண்மை

பெரிய விசிறி மாட்டிய பிறகும் அவள் நடுநடுவே விழித்துக்கொண்டாள். “சத்தம் கொறைஞ்சுதான் போச்சு. ஆனா ஏறுது, எறங்குது, ஏறுது. ஒரே மாதிரி ஓடினா தூங்கிடுவேன்” என்றாள். நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

சில்லின் சூடு நொடிக்கு நொடி மாறும். விசிறி அதைத் துரத்தித் துரத்தி ஓடும். கணினியைத் தொடக்கும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் போனால், எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று நாமே எழுதிவைக்கலாம். 70 பாகை வரை ஒரே மெதுவான வேகம். அதற்கு மேல்தான் ஏற வேண்டும். ஏறுவதும் சில நொடி தாமதித்து ஏற வேண்டும் என்று வைத்தேன். சில கணினிகளில் சில்லு எடுக்கும் வாட் அளவுக்கும் அங்கேயே வரம்பு போடலாம். 65 வாட் என்று எழுதியிருக்கும் சில்லு சிறிது நேரம் 100 வாட்டுக்கு மேலேயும் இழுப்பதுண்டு. தட்டச்சு வேலைக்கு அது தேவையில்லை. அன்று இரவு அவள் விடியும் வரை தூங்கினாள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

விசிறி: 120 அல்லது 140 மில்லிமீட்டர். நான்கு முள் செருகி உள்ளதாகப் பார்த்தால் வேகத்தை நன்றாகக் கட்டுப்படுத்தலாம். தாங்கியில், எண்ணெய்ப் படலத்தில் சுழலும் வகை அமைதியாகவும் நீண்ட நாளும் ஓடும். மலிவான புஷ் வகை, சூட்டில் எண்ணெய் வற்றிக் கரகரக்கும்.

காற்றின் வழி: முன்பக்கம் கீழே உள்ளே, பின்பக்கம் மேலே வெளியே. உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருந்து, நுழைவாயிலில் வடிகட்டி வலையும் இருந்தால் தூசி குறையும்.

மின்வழங்கி: திறன் குறைந்தது என்றால் வீணாகும் மின்சாரமும் சூடுதான். 80 பிளஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர்க் குளிர்ச்சி: பார்க்க அழகு. ஆனால் அதிலும் விசிறி உண்டு. பம்புச் சத்தம் கூடுதல். 65 வாட் சில்லுக்குத் தேவையே இல்லை.

அதிர்வு: மரமேசை, தம்பூராவின் குடம் போலச் சத்தத்தைப் பெருக்கும். ரப்பர் கால்கள் வையுங்கள். துணியை மடித்து அடியில் போடாதீர்கள். கீழே காற்றுத் துளை இருந்தால் அடைத்துவிடும்.

ஏர் கூலர்: நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அறை குளிர்வது கணினிக்கும் நல்லது. ஆனால் ஈரக்காற்று நேராகப் பெட்டிமேல் அடிக்கக்கூடாது. சன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும்.

சுத்தம்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மென்மையான தூரிகையால் தகடுகளின் தூசியை நீக்குங்கள். காற்று ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் தாங்கி கெடும். இளஞ்சூடு இருக்கும் இடமாதலால் எறும்பும் சிலந்தியும் குடியேறியிருக்கும். நான் முதலில் பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்து, அவை போன பிறகே தூரிகையைத் தொடுவேன். முனிவர்கள் கையில் மயிற்பீலி ஏன் இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் சேர்த்து நான் செலவழித்தது, கடைக்காரன் முதலில் சொன்ன தண்ணீர்க் குளிர்ச்சி விலையில் கால் பங்குகூட இல்லை. இப்போது விடியற்காலை நாலு மணிக்குத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு சீராக வருவது கேட்கிறது. விசிறிச் சத்தம் கேட்பதில்லை. பாட்டனார் ஏட்டில் பாதிக்கு மேல் தட்டச்சு ஆகிவிட்டது. கோடை வருவதற்கு முன் அன்பர்களும் தத்தம் கணினி மேசைக் கதவைத் திறந்து ஒரு முறை உள்ளே கைவைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.