குடும்பத்தோடு கூடாரத்தில் ஓர் இரவு

கூடாரம் அடித்துத் தங்குவது மேலைநாட்டார் வழக்கம் என்று கருதுவோர் நம்மிடையே பலர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டைப் பயின்ற மாணவர் அவ்வாறு கருதார். காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலி இட்டு, கோல்களை ஊன்றிக் கயிற்றை இழுத்துக் கட்டி அமைத்த பாசறையை 103 அடிகள் கொண்ட அப்பாட்டில் நப்பூதனார் நம் கண்முன் நிறுத்துகிறார். எனினும் அது போர்ப்பாசறை. தலைவி வீட்டிலிருந்து வருந்துகிறாள். மனைவியும் மக்களும் முதியோரும் ஒருங்கே சென்று தங்கும் கூடாரத்தைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. விலை கொடுத்து வாங்க வேண்டியது கூடாரம் ஒன்றே. அதையும் முதன்முறை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நலம். மற்றவற்றுள் பெரும்பகுதி நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. கூடாரத்தின் உறையில் ‘நால்வருக்கு’ என்று அச்சிட்டிருந்தால், நால்வர் தோளோடு தோள் உரசப் படுக்கலாம் என்பதே அதன் பொருள். பைகளுக்கு அதில் இடமிராது. ஆகவே நால்வர் கொண்ட குடும்பம் அறுவருக்கான கூடாரத்தைத் தேடுதல் வேண்டும். உள்ளே வலைத்துணியும், அதற்குமேல் தனியே ஒரு விரிப்பும் உள்ள இரட்டைக் கூடாரமே ஏற்றது. உறங்குவோரின் மூச்சிலும் தோலிலும் இருந்து இரவு முழுதும் நீராவி வெளிப்படுகிறது. ஒற்றைத் துணிக் கூடாரத்தில் அது குளிர்ந்த துணியில் துளிகளாகப் படிந்து விடியலில் நம்மீதே சொட்டும். பலர் இதனை ஒழுகல் என்று எண்ணிக் கடைக்காரரை நொந்துகொள்கின்றனர். காற்றுப்போக்கிகளைத் திறந்து வைப்பதே இதற்கு மருந்து.

நாமும் ஒருமுறை அவ்வாறு வீணே நொந்துகொண்டதுண்டு. ஒரு மே மாதத்தில் ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், அவர் இசைவோடு குடும்பத்துடன் தங்கினோம். ஈரம் ஏறாதிருக்கக் கீழே ஒரு பெரிய தார்ப்பாயை விரித்து அதன்மேல் கூடாரத்தை நிறுத்தினோம். தார்ப்பாய் நாற்புறமும் ஒரு முழம் நீண்டிருந்தது. தாராளமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நள்ளிரவில் கோடை மழை பிடித்தது. சற்று நேரத்தில் பாய், தலையணை, குழந்தைகள் எல்லாம் நனைந்தன. மீதி இரவை மகிழுந்துக்குள் உட்கார்ந்தே கழித்தோம். கூடாரம் ஏமாற்றிவிட்டது என்று நாம் புலம்ப, காலையில் நம் அன்னையார்தாம் காரணத்தைக் கண்டு காட்டினார்கள். மேல்விரிப்பிலிருந்து வழிந்த நீரை, வெளியே நீண்டிருந்த தார்ப்பாய் முறம்போல் ஏந்திக் கூடாரத்தின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது! கீழ்விரிப்பு எப்போதும் கூடாரத்தின் தரையைவிட நான்கு விரற்கடை உள்ளடங்கியே இருத்தல் வேண்டும். இதற்கு உழவர்கள் நெல் மூடப் பயன்படுத்தும் நெகிழித் தார்ப்பாயே போதும். இன்னொன்றைக் கூடாரத்தின் மேலே பந்தலாகக் கட்டி, ஒரு பக்கத்தைத் தாழ்த்திவிட்டால் நீர் தேங்காது வழிந்தோடும்.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியசு வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயர்ந்தது. எனவே ஏழெட்டுப் பாகை குறைவை எதிர்பார்க்கலாம். நம்மவர் போர்வையை மேலும் மேலும் அடுக்குவர். ஆனால் உடற்சூட்டைத் தரையே மிகுதியாக உறிஞ்சுகிறது. உடலின் பாரத்தால் நசுங்கிய கம்பளத்தில் காற்று நிற்பதில்லை. அதனால் அது சூட்டைக் காப்பதுமில்லை. காற்றடைத்த மெத்தையோ மென்மையாக இருக்குமேயன்றி, அதனுள் சுழலும் காற்று சூட்டைக் கீழே கடத்திவிடும். எனவே, கையில் இருப்பதை முதலில் கீழே விரிக்க வேண்டும். கோணிப்பை, அதன்மேல் செய்தித்தாள் அடுக்கு, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் பவானி சமுக்காளம் என்று அடுக்கினால் முதியோரும் நடுங்காது உறங்குவர். (பத்தமடைப் பாயைக் கொண்டுபோக வேண்டா, அது மணவீட்டுக்கு உரியது.)

இடத்தேர்வில் பிழை நேர்ந்தால் பொருள் எதுவும் காக்காது. வறண்ட ஓடையின் மணல் மெத்தென்று இருக்கும்; ஆனால் மலைமேல் பெய்த மழை, இங்கு ஒரு துளியும் விழாதபோதே வெள்ளமாக வந்து சேரும். பட்ட கிளையுள்ள மரத்தின் கீழும், தனிமரத்தின் கீழும் தங்கலாகாது. இடி மின்னலின்போது கூடாரம் காப்பாகாது. இரும்புக் கூரையுள்ள ஊர்திக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். காப்புக்காட்டில் இசைவின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், அவ்வாண்டே அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்ததும் நாம் அறிந்தவை. 2021 சனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். எனவே யானை நடமாடும் காட்டோரத்தை விலக்கி, உரியவர் இசைவு பெற்ற தோட்டத்தையோ, வேலியிட்ட நிலத்தையோ நாடுக.

அடுப்பு எக்காரணத்தாலும் கூடாரத்தினுள் வேண்டா. கரி நெருப்பும் எரிவாயு அடுப்பும் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். குளிருக்கென்று கரிச்சட்டியை உள்ளே வைப்பதும் இவ்வகையதே. முதல் இரவுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போனால் அடுப்பே தேவைப்படாது.

புறப்படுமுன் ஒருநாள் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ கூடாரத்தை எழுப்பிப் பழகுக. காற்றில்லாத நாளில் பழகினால் எளிது. இருட்டிய பின் முன்பின் அறியாத கம்பங்களைப் பொருத்த முயல்வோரைப் பிள்ளைகள் எள்ளி நகைப்பர். முளைகளைக் கூடாரத்திற்கு எதிர்ப்புறம் தலை சாய்ந்திருக்குமாறு அடிக்க வேண்டும். மணலில் முளை நில்லாது. மணல் நிரப்பிய பையைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டலாம். திரும்பி வந்ததும், எத்துணைக் களைப்பாயினும் துணியை வெயிலில் உலர்த்திய பின்னரே மடித்து வைக்க வேண்டும்; ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். முளைகளை எண்ணிப் பையில் போடுவதைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்காமல் ஓயமாட்டார்கள்.