மண்ணுக்குள் கிடந்த சாட்சிகள்

1775ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19ந் தேதி, சூரியோதய வேளையில், அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து லெக்ஸிங்டன் என்னும் சிற்றூரின் மந்தைவெளியிலே 77 கிராமவாசிகள் துப்பாக்கியுங் கையுமாய் நின்றார்கள். அவர்களுடைய தலைவர் ஜான் பார்க்கர், க்ஷயரோகத்தால் மெலிந்துபோன ஒரு குடியானவர். கான்கார்டு என்னும் ஊரில் ஜனங்கள் சேகரித்து வைத்திருந்த யுத்த தளவாடங்களை அழிக்கும் பொருட்டு பாஸ்டனிலிருந்து புறப்பட்ட சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள் அவ்வழியே வந்தனர். சில நிமிஷங்களில் கிராமத்தார் எண்மர் மாண்டனர். இவ்வளவும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த சரித்திரமே. அன்று பிற்பகலில் நடந்ததோ நெடுங்காலம் அரைகுறைச் செய்தியாகவே இருந்து வந்தது.

எஞ்சியவர்களைத் திரட்டிக் கொண்டு பார்க்கர், லிங்கன் என்னும் ஊரின் எல்லையிற் சென்று, கான்கார்டிலிருந்து திரும்பி வந்த அதே பட்டாளத்தின்மீது சுட்டார். இதைப் பார்க்கரின் பழி என்று ஜனங்கள் அழைக்கலாயினர். ஆயினும் இதற்கு எழுத்துச் சாட்சியம் என்ன? ஆறு நாட்களுக்குப் பின் பார்க்கர் கொடுத்த வாக்குமூலம் காலைச் சம்பவத்தை மட்டுமே கூறுகின்றது. அவ்வருஷம் செப்டம்பரிலேயே அவர் காலஞ்சென்றார். கூட இருந்த வீரர் ஒருவர் ஏறக்குறைய ஐம்பதாண்டு கழித்துக் கிழவராயிருக்கையில் சில வாக்கியங்கள் சொல்லி வைத்தார். எந்த மேட்டில், எந்தப் பாறைக்குப் பின்னால் என்பது அவற்றில் இல்லை.

இவ்விஷயத்தில்தான் உலோகங் காட்டும் கருவி உதவிக்கு வந்தது. 2013ஆம் வருஷம் தொடங்கி, மினிட் மேன் தேசியப் பூங்காவைச் சேர்ந்த சுமார் 44 ஏக்கர் நிலத்தில் புதைபொருள் ஆராய்ச்சியாளர் இக்கருவியைக் கொண்டு அங்குலம் அங்குலமாய்ச் சோதித்தார்கள். இதன் தத்துவம் எளிது. கம்பிச்சுருள் ஒன்றில் மாறி மாறிப் பாயும் மின்சாரம் நிலத்துக்குள் ஒரு காந்த சக்தியைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதனுள் சிறு மின்னோட்டம் எழுந்து எதிரொலி தருகிறது. டெலிபோனைக் கண்ட கிரஹாம் பெல் 1881-ல், சுடப்பட்டுக் கிடந்த ஜனாதிபதி கார்பீல்டின் உடலிலே குண்டைத் தேட இத்தகைய கருவியொன்றைப் பிரயோகித்தார். கட்டிலின் எஃகுச் சுருள்கள் குறுக்கிட்டுக் காரியத்தைக் கெடுத்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் போலந்து தேசத்து அதிகாரி கோசாட்ஸ்கி, கண்ணிவெடிகளைக் கண்டுபிடிக்க இதைச் செப்பனிட்டார். பின்னர் அது சாமானியர் கைக்கும் வந்தது.

லிங்கன் எல்லையில் அகப்பட்டவை 29 ஈயக்குண்டுகள். இருபத்தொன்பதுதானா என்று நேயர்கள் நகைக்க வேண்டாம். பிரிட்டிஷ் சிப்பாயின் துப்பாக்கி பெருவாய் உடையது, குண்டும் பெரிது. கிராமத்தான் வேட்டைக்கென வைத்திருந்த துப்பாக்கிகளோ பலவகை. அவற்றின் குண்டுகளும் பெரும்பாலும் சிறியவை. பாறையிலோ மரத்திலோ மோதிய குண்டு நசுங்கும். மருந்து கெட்டிக்கும்போது கை தவறி விழுந்த குண்டு உருண்டையாகவே கிடக்கும். நசுங்கினதையும் நிறுத்துப் பார்த்து முன்னைய அளவைக் கணக்கிட்டு விடலாம். இவ்வளவையும் சேர்த்து, ஒவ்வொன்றும் கிடந்த இடத்தைப் படத்திற் குறித்தால், யார் எங்கே நின்று எந்தத் திசை நோக்கிச் சுட்டார் என்பது புலப்படும். பண்டிதர் வாதத்தில் அகப்படாத மேடு இவ்விதமாய் அகப்பட்டது.

ஆகவே குண்டின் மதிப்பெல்லாம் அது கிடந்த இடத்திலேயே உள்ளது. இதை உணராமல், இரவில் கருவியோடு யுத்த பூமிகளிற் புகுந்து, பித்தானும் குண்டும் தோண்டி விலைக்கு விற்போர் அந்நாட்டிலும் உண்டு. பெட்டிக்குட் போன குண்டு வெறும் ஈயம். எந்தப் பெரிய பட்டணத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்தாலும் அது மீண்டும் வாய் திறவாது. கருவியின்மேற் குற்றமில்லை, தன் வயலில் தேடி, கிடைத்ததையும் கிடைத்த இடத்தையும் ஒளியாமல் அறிவிக்கும் யோக்கியர்கள் பலர் சரித்திரத்துக்கு உபகாரிகளாயிருக்கிறார்கள். ஆனால் ஜனங்களுடைய பொதுச் சொத்தை இருட்டில் அபகரிப்பவன் திருடனே என்பது நமது அபிப்பிராயம். அமெரிக்கச் சர்க்காரும் அவ்வாறே கருதுகின்றனர். தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றி அக்கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 1979ஆம் வருஷச் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைச் சர்க்கார் நிலத்திலிருந்து எடுப்போருக்கு முதல் தடவையே ஓராண்டு சிறைவாசமும் பதினாயிரம் டாலர் அபராதமும் விதிக்க இடமுண்டு.

நிற்க. 1781-ல் யார்க்டவுனில் அக்குடியானவர்களின் சேனைக்கு அடிபணிந்த அதே கார்ன்வாலிஸ் பிரபுதான் ஐந்து வருஷங்கழித்து நமக்குக் கவர்னர் ஜெனரலாய் வந்திறங்கினார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்புவின் ராஜ்யத்திற் பாதியைப் பிடுங்கினவரும் அவரே.

கான்கார்டின் வடபாலத்தருகே, 2023-ல், பழுதுபார்க்கும் வேலைகளுக்கு முன்னதாக நிலத்தைச் சோதித்தபோது, மேலும் ஐந்து ஈயக்குண்டுகள் வெளிப்பட்டன. அவை கை தவறி விழுந்தவை அல்லவென்றும், ஆற்றின் எதிர்க்கரையில் நின்ற ஊர்ப்படையாரால் சிப்பாய்களை நோக்கிச் சுடப்பட்டவை என்றும் ஆராய்ச்சியாளர் நிர்ணயித்துள்ளனர். 248 வருஷகாலம் ஒருவர் கையும் படாமல் அவை விழுந்த இடத்திலேயே கிடந்தன.