அடுக்களைக்கும் ஒரு பயிர்த் திட்டம்

பயிர்த் தொழிலில் முன்யோசனையின்றி இறங்குவார் எவருமில்லை. காவிரிப் பாசனப் பகுதி விவசாயி, மேட்டூர் அணை மரபுப்படி திறக்கப்படும் ஜூன் 12-ஆம் நாளை மனத்திற் கொண்டு, விதையும் எருவும் ஆளும் ஏரும் முன்கூட்டியே தேடி வைக்கிறார். ஆனால், அதே குடும்பத்தின் அடுக்களையில் பொழுது விடிந்த பிறகுதான் “இன்றைக்கு என்ன சமைப்பது?” என்ற கேள்வி பிறக்கிறது. வயலுக்குத் திட்டம் உண்டு. அடுப்புக்குத் திட்டம் இல்லை.

இதன் பலனை நடவுக் காலத்தில் காணலாம். காலையில் நடவுக்குச் செல்ல வேண்டிய தாய், விடியுமுன் எழுந்து நீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, அடுப்பு மூட்டி, சோறும் குழம்பும் ஆக்கி முடிக்கிறாள். எல்லோருக்கும் கட்டிக் கொடுத்தபின் தான் உண்ணப் பொழுதில்லை. குழந்தையும் அரை வயிற்றுடன் பள்ளிக்கு ஓடுகிறது. மாலையில் களைத்து வந்தவளுக்கு அதே அடுப்பு காத்திருக்கிறது. இந்திய அரசு 2019-இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களை அதிற் செலவிட்டனர். அவ்வேலையிற் பங்கு கொண்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்களே. இச்சுமையில் நாள்தோறும் ஒரு மணி நேரத்தைக் குறைத்தாலும் அது அத்தாய்க்கு ஓய்வு; குழந்தைக்கு நிறைந்த உணவு. பெருஞ்செலவின்றி அதைச் செய்யும் வழிகளை இங்கே காண்போம்.

முன்னேற்பாடு

வெயிற்காலத்தில் கதிரவன் இலவசமாகத் தரும் வெப்பத்தில் வற்றல், வடகம், அப்பளம் ஆகியவற்றை உலர்த்தி வைத்தால், மழைக்கால நடவின்போது தொடுகறிக்கு அலைய வேண்டுவதில்லை. பருப்புப் பொடி, குழம்புப் பொடி, இட்லிப் பொடி ஆகியவற்றை ஓய்வு நாளில் இடித்து, ஈரம் படாத கலத்தில் மூடி வைக்கலாம். சூடான சோறும் பருப்புப் பொடியும் சிறிது நல்லெண்ணெயும் இருந்தால் ஒரு வேளை உணவு ஆயிற்று. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி, வறுத்து அரைத்த மாவு குழந்தைக்குச் சில நிமிடங்களிற் கஞ்சியாகும்.

கோயம்புத்தூர் தந்த மாவரைக்கும் இயந்திரம் ஆட்டுக்கல்லின் பாரத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2011 முதல் விலையில்லாமல் வழங்கிய கிரைண்டரும் மிக்சியும் எத்தனையோ சிற்றூர் வீடுகளை எட்டின. ஒருமுறை அரைத்த மாவு முதல் நாள் இட்லிக்கும், அடுத்த நாள் தோசைக்கும், சிறிது புளித்தபின் பணியாரத்திற்கும் ஆகும். கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றை இரவே ஊற வைத்தால் வேகும் நேரமும் விறகும் மிச்சமாகும்.

தீயைச் சிக்கனப்படுத்தும் முறை

திறந்த பானையில் நீர் கொதித்தபின் எவ்வளவு தீ எரித்தாலும் அதன் சூடு ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்கு மேற் போகாது. அதிகத் தீ நீரை ஆவியாக்குமேயன்றி அரிசியை விரைவில் வேக வைக்காது. ஆகவே, கொதி வந்தவுடன் தீயைத் தணித்துப் பானையை மூடுதல் வேண்டும்.

பிரஷர் குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் சூடு ஏறத்தாழ 120 பாகை வரை உயர்கிறது. உணவும் விரைவில் வேகிறது. அடுக்குப் பாத்திரங்களில் அரிசி, பருப்பு, காய் மூன்றையும் ஒரே தீயில் வேக வைக்கலாம். பருப்பு நுரைத்துப் பொங்குமாதலால் அதைப் பாதியளவுக்கு மேல் நிரப்பலாகாது. ஆவித்துளையில் அடைப்பில்லை என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஆவி முற்றும் அடங்குமுன் மூடியைத் திறப்பது ஆபத்து.

நெல் விளையும் ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அதைக்கொண்டு தீயில்லா அடுப்பு ஒன்று அமைக்கலாம். பெரிய கூடையிலோ மரப்பெட்டியிலோ நாலங்குலக் கனத்திற்கு உலர்ந்த வைக்கோலை நன்கு அழுத்தி, நடுவே பானை அமரக் குழி விடுக. ஊறிய அரிசியை அளவான நீரிற் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, பானையடியில் கனலில்லை என்று பார்த்து, மூடியோடு அக்குழியில் வைத்து, மேலே வைக்கோல் நிரப்பிய சாக்கால் மூடுக. வைக்கோல் வெப்பத்தை வெளியே விடாதாதலால், ஒரு மணி நேரத்திற் சோறு தானே பதமாகும். பானை நிறைந்திருந்தால் சூடு நெடுநேரம் நிற்கும். இடையில் திறந்து பார்த்தல் கூடாது. எடுக்கும்போது சூடு குறைந்திருந்தால் மீண்டும் கொதிக்க வைத்தே உண்ண வேண்டும்.

விறகடுப்பை விட இயலாத வீடுகளில் புகைபோக்கியேனும் அமைத்தல் அவசியம். ஐதராபாத்துப் பொறியாளர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பற்றி 1953-லேயே நூல் எழுதி வழிகாட்டினார். புகை, தாயின் கண்ணையும் மார்பையும் மட்டுமன்றி, அவள் இடுப்பிலுள்ள குழந்தையையும் வருத்துகிறது என்பதை மறக்கலாகாது.

ஒருமுறை சமைத்து இருவேளை உண்பதானால் ஓர் எச்சரிக்கை தேவை. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்தல் நன்றன்று. வயலுக்குக் கொண்டு செல்ல, சூட்டுடன் மூடிய தூக்குப் பாத்திரமோ, புளி சேர்த்த சோறோ ஏற்றது.

வேலைப் பங்கீடு

வயல் வேலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கும்போது, அடுக்களையில் மட்டும் ஒருவரே உழைப்பது எவ்வாறு நியாயமாகும்? நீர் நிரப்புதல், காய் நறுக்குதல், மாவரைத்தல், பாத்திரம் துலக்குதல் ஆகியவற்றுக்கு ஆண் பெண் வேற்றுமை இல்லை. வளர்ந்த பிள்ளைகள், மகனாயினும் மகளாயினும், தத்தம் தட்டைக் கழுவி வைக்கலாம். யார் எதைச் செய்வது என்று முதல் நாள் இரவே பேசிக்கொண்டால் விடியற்காலைப் பரபரப்பு அடங்கும்.

பஞ்சாயத்தின் பங்கு

அடுக்களை வீட்டுக்குள் இருப்பினும் அதன் சுமை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. தண்ணீர் தொலைவில் இருந்தால் எத்திட்டமும் பயனளிக்காது. 1992-ஆம் ஆண்டு 73-வது அரசியலமைப்புத் திருத்தம் பஞ்சாயத்துகளுக்குக் குறித்த 29 பொருள்களுள் குடிநீர், எரிபொருளும் தீவனமும், மகளிர் குழந்தைகள் நலம் ஆகியவை அடங்கும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் சிற்றூர் வீடுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரைக் குழாயில் அளிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. குழாய் இருந்தால் மட்டும் போதாது. சமைக்கும் வேளையில் அதில் நீர் வர வேண்டும். நீர் விடும் நேரத்தை நடவுப் பெண்களைக் கேட்டு வகுத்தல் பஞ்சாயத்தின் கையில் உள்ளது.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையிற் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தாயின் காலைச் சுமையில் ஒரு பகுதியை இறக்கும் இத்தகைய உணவு உரிய நேரத்தில் வருகிறதா, சமையலறையில் நீரும் தூய்மையும் உள்ளனவா என்று நேரிற் பார்ப்பது அங்கத்தினர்களின் கடமை. நடவு, அறுவடைக் காலங்களில் சிறு குழந்தைகளை அங்கன்வாடியில் விடும் நேரத்தைப் பற்றியும் உரியவர்களுடன் கலந்து பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபைக்கு 2022-இல் குறிக்கப்பட்ட நாள்கள். சாலையும் விளக்கும் பேசப்படும் அச்சபையில் அடுப்பும் தண்ணீரும் பேசப்படட்டும். பெண்களே எழுந்து தங்கள் குறையைச் சொல்லட்டும்.

வரும் நடவுக்கு நாற்று விடும் நாளிலேயே, வீட்டார் அனைவரும் அமர்ந்து அடுக்களைக்கும் ஒரு திட்டம் வகுப்பார்களாக. நாற்று பிடுங்கி நட்டுப் பயிராக்கும் அக்கைகளும் நேரத்தோடு உண்ண வேண்டுமன்றோ?