வானொலிப் பெட்டியும் அதன் மின்பசியும்

வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையங்களின் வரலாற்றையே எழுதுவர். கொழும்பிலே 1925 ஆம் ஆண்டிற் றொடங்கிய ஒலிபரப்பைப் பற்றியும், அதிலே ஒலித்த இனிய குரல்களைப் பற்றியும் நம்மவர் எழுதியவை பல. அக்குரல்களை நம் இல்லத்துட் கொணர்ந்த பெட்டியைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. அப்பெட்டி எவ்வாறு சிறுத்தது, ஏன் சிறுத்தது, அதனால் விளைந்தது யாது என்பனவற்றை ஈண்டு விளக்க முயல்வோம்.

இம்மலரைக் கையிலேந்தும் முதிய பழைய மாணவர்கள் வால்வுப் பெட்டியை நன்கறிவர். மெருகிட்ட மரப்பேழை, துணி போர்த்த முகம், ஆளியைத் திருகியதும் அரை நிமிடமளவு மௌனம், அதன் பின்னரே குரல். அம்மௌனத்திற்குக் காரணமுண்டு. வால்வு என்பது காற்று நீக்கப்பெற்ற கண்ணாடிக் குமிழ். அதனுள்ளே உள்ள இழை சூடேறினாலன்றி இலத்திரன்கள் வெளிப்படா. இலத்திரன்கள் வெளிப்பட்டாலன்றி அது தொழிற்படாது. ஆகவே, ஐந்து வால்வுப் பெட்டியொன்று உட்கொண்ட நாற்பது ஐம்பது வாற்று மின்சாரத்திற் பெரும்பகுதி வெப்பமாகவே கழிந்தது. மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கெனப் பற்றறிப் பெட்டிகளும் இருந்தன. அவற்றுக்கு இழையைச் சூடாக்க 1.5 வோல்ற்றுக் கலம் ஒன்றும், வால்வை இயக்க 90 வோல்ற்றுப் பற்றறி ஒன்றுமாக இரண்டு வேண்டும். விலை அதிகம், பாரமும் அதிகம். செய்தியைக் கேட்டவுடன் ஆளியை மூடிவிடுதலே வழக்கம். ஒருவர் வீட்டுப் பெட்டியை ஊரே கூடிக் கேட்டமைக்குக் கேட்போரின் நட்புரிமை மாத்திரம் காரணமன்று; பெட்டியின் பெரும்பசியும் காரணமாம்.

இப்பசியைத் தணித்தது திரான்சிஸ்டர். 1947 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே பார்டீன், பிராற்றெயின் என்னும் இருவரும் அதனை இயக்கிக் காட்டினர். அவ்விருவரும் அவர்தம் குழுத் தலைவரான ஷொக்லியும் 1956 இல் நோபெல் பரிசு பெற்றனர். திரான்சிஸ்டரில் இழையில்லை, ஆதலின் சூடேற்றவும் வேண்டுவதில்லை. ஒரு சிறு திண்மத் துண்டினுள்ளேயே இலத்திரன்கள் நடமாடும். ஆளியைத் தட்டிய கணமே குரல் கேட்கும்.

பொதுமக்களுக்கென விற்கப்பட்ட முதலாவது திரான்சிஸ்டர் வானொலி 1954 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவில் வெளிவந்த 'ரீஜென்சி'. நான்கே நான்கு திரான்சிஸ்டர்கள். விலையோ 49 டொலர் 95 சதம். அடுத்த ஆண்டிலேயே யப்பானிய நிறுவனமொன்று தனது பெட்டியை வெளியிட்டது. 1957 இல் அந்நிறுவனம் சட்டைப் பையில் அடங்குமெனக் கூறி வேறொன்றை விற்றது. உண்மையிலே அது சாதாரணப் பையில் அடங்கவில்லையென்றும், விற்பனையாளரின் சட்டைகளுக்குச் சற்றே பெரிய பை தைப்பிக்கப்பட்டதென்றும் ஒரு கதை உண்டு. அந்நிறுவனமே 1958 இல் சோனி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சில ஆண்டுகளுள் 'திரான்சிஸ்டர்' என்னும் சொல்லே பெட்டியைக் குறிப்பதாயிற்று. உள்ளிருக்கும் உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஆகிவந்தமையின் இது சினையாகுபெயர். வெற்றிலை நட்டான் என்பதற்கு அப்பால் உதாரணந் தேடும் மாணவர் இதனையும் எழுதலாம்.

சிறிய திரான்சிஸ்டர்ப் பெட்டி அடங்கிய குரலிற் பேசும்போது ஒரு வாற்றின் பத்திலொரு பங்களவே உண்ணும். வால்வுப் பெட்டி உண்டதில் நானூறில் ஒரு பங்கு என்க. இவ்வொரு கணக்கே யாவற்றையும் மாற்றிற்று. வானொலி வயலுக்குச் சென்றது. தேநீர்க் கடைக்குச் சென்றது. தோணியேறிக் கடலுக்குஞ் சென்றது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் நாள்தோறும் கேட்டமைக்கு இங்குள்ள பரப்பியின் வலிமை ஒரு காரணமெனில், அங்குள்ளார் கையிலிருந்த இச்சிறு பெட்டி மற்றொரு காரணமாகும்.

முதலில் வந்த திரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தால் ஆனவை. வெப்பம் மிகுந்தால் அவற்றின் மின்னோட்டம் நெறி தவறும். அறுபதுகளின் பிற்பகுதியில் வெப்பந் தாங்கும் சிலிக்கன் அவ்விடத்தைப் பிடித்தது. வெயில் மிக்க நம்போன்ற நாடுகளுக்கு இது பெருநன்மை. பின்னர்ப் பல திரான்சிஸ்டர்கள் ஒரே சில்லில் அடங்கின. பிரித்தானிய நிறுவனமான பெராண்டி 1972 இல் வெளியிட்ட சில்லொன்றுக்கு மூன்றே கால்கள், உள்ளே பத்துத் திரான்சிஸ்டர்கள், 1.5 வோல்ற்றுக் கலமொன்றே அதற்குப் போதும். அதனைக் கொண்டு பாடசாலைச் சிறுவரும் வானொலி கட்டினர்.

எழுபதுகளில் ஒலிநாடாவும் வானொலியும் ஒரே பேழையிற் குடிபுகுந்தன. பெட்டி மீண்டும் பருத்தது. ஆறு எட்டுப் பெரிய கலங்களைக் கேட்டது. அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1980 இல் வந்த மாற்றமோ வேறு வகையினது. அதுவரை நிலையத்தைத் தேடுவது முள்ளை நகர்த்தும் விரலின் திறமை; சிற்றலையிலே மயிரிழை தவறினும் வேறொரு நாட்டின் குரல் வந்து புகும். அவ்வாண்டு சோனி வெளியிட்ட சிற்றலைப் பெட்டியில் எண்களை அழுத்தினாற் போதும்; பளிங்கின் அதிர்வை அளவுகோலாகக் கொண்டு பெட்டி தானே அம்மீடிறனிற் சென்று நிற்கும். முள்ளைத் திருகித் தேடுவதிலே ஓரின்பம் உண்டென்பாருளர். நாம் அதனை மறுக்கிலோம். ஆயினும் செய்தியின் முதற் பாதியைத் தேடுவதிலேயே இழந்தவர்க்கு இம்மாற்றத்தின் அருமை தெரியும்.

பெட்டியின் பசி குறைந்தமையின் முழுப்பயனையும் யாழ்ப்பாணத்தவரைப் போல் உணர்ந்தவர் உலகிற் சிலரே. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. வடக்கே கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. பழைய கலங்களை வெயிலில் வைத்து ஓரிரு நாள் உயிர்ப்பித்தனர். அதுவும் முடிந்தபின் துவிச்சக்கர வண்டியின் தைனமோவை நாடினர். விளக்கெரிப்பதற்கென அமைந்த அச்சிறு பொறி 6 வோல்ற்றில் 3 வாற்றளவு தருவது. வால்வுப் பெட்டிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி; திரான்சிஸ்டருக்கோ விருந்து. தைனமோ தருவது ஆடலோட்டம். பெட்டி வேண்டுவது நேரோட்டம். இருவாயிகள் நான்கு மின்னோட்டத்தை ஒரே திசைப்படுத்தும். கொள்ளளவி ஒன்று அதன் ஏற்றவிறக்கத்தைச் சமப்படுத்தும். வண்டியை நிறுத்தி ஒருவர் மிதிக்க, ஏனையோர் சுற்றியிருந்து இலண்டன் பீ.பீ.சி.யின் தமிழோசையையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டனர். மிதிப்பவர் சோர்ந்தாற் செய்தியுஞ் சோரும். தனியொருவர் பையிற் செல்வதற்கெனச் செய்யப்பட்ட பெட்டி, வால்வுக் காலத்துப் பெட்டியைப் போல, மீண்டும் ஊரைக் கூட்டிற்று. எந்த ஊரில் யார் இறந்தார், எந்தப் பாதை திறந்தது என்பதை அறிய வேறு வழி அரிதாயிருந்த காலம் அது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1991 இல், பெய்லிஸ் என்னும் ஆங்கிலேயர் ஆபிரிக்காவில் எயிட்ஸ் நோய் பரவுவதைக் காட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைக் கண்டார். நோய்த்தடுப்பு அறிவுரையை வானொலியாற் பரப்பலாம். ஆனால் மின்சாரமில்லை, கலங்களின் விலையோ ஏழைகளுக்கு எட்டாது என்பதே அதிலுரைக்கப்பட்ட இடர். அவர் கடிகாரம்போல் வில்லை முறுக்கி இயக்கும் வானொலியை அமைத்தார். அரை நிமிடமளவு முறுக்கினால் அரைமணி நேரமளவு அது பேசும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்காவின் கேப்ரவுணில் அது உற்பத்தியாயிற்று. உலகம் அவரைப் போற்றியது தகும். யாழ்ப்பாணத்துச் சைக்கிள் வானொலியை அமைத்தவருக்கு உரிமைப் பத்திரமுமில்லை, பெயருமில்லை.

அதன் பின்னர் வந்தது எண்முறை ஒலிபரப்பு. பீ.பீ.சி. 1995 இல் அதனைத் தொடங்கிற்று. நோர்வே 2017 இல் தனது தேசிய நிகழ்ச்சிகளைப் பண்பலையினின்றும் முற்றாக அதற்கு மாற்றியது. ஆயின் தொடக்ககால எண்முறைப் பெட்டிகள் கணக்கிடும் வேலை மிகுதியாற் பற்றறியை விரைந்து தின்றன. தணிந்த பசி மீண்டும் எழுந்தது. தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017 ஏப்ரிலோடு நின்றது. இன்று பலர் வானொலியைக் கைத்தொலைபேசி வழியே இணையத்திற் கேட்கின்றனர். ஆங்கே மின்சாரம் உண்பது கையிலுள்ள கருவி மாத்திரமன்று. இடையிலுள்ள கோபுரங்களும் உண்கின்றன. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது கோபுரங்களின் சேமக் கலங்கள் தாங்காமையாற் சிலவிடங்களிற் றொலைபேசிகள் தொடர்பிழந்தன. ஒலிபரப்பு நிலையத்தின் மின்பிறப்பாக்கி ஓடுமளவும், இரண்டு சிறு கலங்கள் இட்ட பண்பலைப் பெட்டிக்கு அவ்விடரில்லை. அத்தகைய பெட்டி கடைகளில் இன்றும் கிடைக்கின்றது, விலையும் பெரிதன்று.